லோகநாயகியின் ஹோல்ட் ஆன்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஸ்பிரிங் கம்பெனியில் வாட்ச்மேன் முதல் முதலாளி வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை ஒன்றே ஒன்றுதான். ஹோல்ட் ஆன். அது ஒரு வார்த்தை இல்லை, இரண்டு வார்த்தை என்று திருத்த வருகிறவர்கள் கொஞ்சம் ஹோல்ட் ஆன். அதை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தவள் லோகநாயகி. அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அங்கே டைப்பிஸ்ட். ஜெகதாம்பாள் என்று பெயர். எனக்கு நாக்கு நீளம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொன்னதில் உண்மையானது அது ஒன்றுதான். எண்பத்தைந்தில் லோகநாயகி டெலிபோன் ஆபரேட்டராக வந்து சேர்ந்தபோது, என் டைப்ரைட்டர் இருந்த அறையிலேயே அவளுடைய போர்டையும் வைத்துவிட்டார்கள். பழைய போர்டு. முகப்பில் வரிசையாக ஓட்டைகள், கீழே வால் வைத்த பின்கள். வெளியிலிருந்து ஃபோன் வந்தால் ஒரு சின்ன மூடி டொக்கென்று விழும். அதில் ஒரு பின்னைச் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, இன்னொரு பின்னை அந்த ஆளின் ஓட்டையில் செருகி மணி அடித்து, இரண்டு பேரையும் சேர்த்துவைக்க வேண்டும். நாள் முழுக்க டொக், டொக், "ஹோல்ட் ஆன் ப்ளீஸ்". எனக்கு முதல் மாதம் பைத்தியம் பிடிக்காதது ஆச்சரியம்.

அவள் அப்பா கலியமூர்த்தி ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பிறந்ததிலிருந்து அவள் க்வார்ட்டர்ஸ்வாசி. பக்கத்து வீடு மதுரை, எதிர்வீடு நாகர்கோவில், பின்வீடு கோயம்புத்தூர். சின்ன வயதில் வீட்டுக்கு வீடு சேதி கொண்டுபோவது இவள்தானாம். மதுரைக்காரம்மா சொன்னதை மதுரைப் பேச்சிலேயே போய்ச் சொல்வாளாம், நாகர்கோவில்காரம்மா பதிலை நாகர்கோவில் பேச்சிலேயே திருப்பிக்கொண்டு வருவாளாம். கிண்டல் செய்கிறாள் என்று இரண்டு வீட்டிலும் அடி வாங்கியிருக்கிறாள். அவளாகப் பேசினால் எந்த ஊர் வாடையும் இல்லாத சுத்தமான தமிழ். யாரையும் நீங்க, வாங்க என்றுதான் சொல்வாள். கேன்டீன் பூனையைக்கூட ஒருநாள் "கொஞ்சம் நகருங்க" என்றாள்.

அவள் சொல்லும் ஹோல்ட் ஆனில் என்ன இருந்ததோ, அது தொற்றுவியாதியாகக் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. கேன்டீன் கஜபதி அடுப்பின் ஓரத்தில் சூடு ஆறாமல் வைத்த டீயைக் காட்டி, "உன் டீ ஓல்டான்ல கீது சார்" என்பான். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது நிறுத்தச் சொல்லவும் ஓல்டான், சரக்கைத் தூக்கும்போது இறுக்கிப் பிடிக்கச் சொல்லவும் ஓல்டான். இப்படித்தான் ஒருநாள் கிளீனர் நிறுத்தச் சொன்னதைப் பிடிக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, ஓடுகிற லாரியின் பின்கதவில் ஒருத்தன் கேட் வரைக்கும் தொங்கிக்கொண்டே போனான். கல்யாணம் தள்ளிப்போன தங்கவேல், "பொண்ணு ஊட்ல என்ன ஓல்டான்ல வெச்சிகிறாங்க மாமே" என்று புலம்புவான். போனஸ் தகராறில் கேட் வாசலில் உட்கார்ந்தபோது யூனியன் தேவராஜ் மைக்கைப் பிடித்து, "தோழர்களே, இன்னும் ஒரு வாரம், ஓல்டான்!" என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது.

எனக்கு ஆர்வம் வந்து அகராதியைப் புரட்டினேன். பொறு. இணைப்பில் இரு. பிடித்துக்கொள். தாக்குப்பிடி. கைவிடாதே. எல்லாமே எங்கள் காம்பவுண்டுக்குள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. டீ அர்த்தம் மட்டும் அகராதியில் இல்லை.

லோகநாயகிக்கு வேலையில் இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, பின்னைச் செருகி இரண்டு பேரைச் சேர்த்த உடனே அவள் காதை எடுத்துவிடுவாள். உள்ளே முதலாளி பேசட்டும், முதலாளியின் மச்சான் பேசட்டும், அவளுக்கு வேண்டாம். நானாக இருந்தால் ஒட்டுக்கேட்காமல் விட்டிருப்பேனா? இத்தனை வருஷத்தில் ஒரு வம்புகூட அவளிடமிருந்து எனக்குக் கிடைத்ததில்லை. அந்தக் கோபம் இன்றைக்கும் உண்டு.

இரண்டாவது, ஆள் இல்லாதபோது சேதி சொன்னால் அதை ஒரு எழுத்து மாற்றாமல் ஒப்பிப்பாள். ஒருமுறை சரக்கு தாமதமானதற்கு ஒரு பார்ட்டி ஃபோனில் கத்தியிருக்கிறார். மேனேஜர் பரந்தாமன் வந்ததும் இவள் எழுந்து நின்று, "சார், 'அந்த ஆள் மேனேஜரா மாடு மேய்க்கிறவனா, ஒரு கெட்ட வார்த்தை, நாளைக்கு ஸ்பிரிங் வரலைன்னா நேர்ல வந்து, இன்னொரு கெட்ட வார்த்தை' அப்படின்னு சொல்லச் சொன்னார் சார்" என்றாள். கெட்ட வார்த்தைகளை மட்டும் அவள் சொல்ல மாட்டாள். அந்த இடத்தில் கெட்ட வார்த்தை என்றே சொல்வாள். பரந்தாமன் சிவந்துபோய், "சுருக்கமா சாரத்தைச் சொல்லக் கூடாதாம்மா?" என்றார். "சாரம் எதுன்னு நான் எப்படி சார் முடிவு பண்றது?" என்றாள். இதைத் திமிர் என்று அவரும் எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அவள் உண்மையிலேயே சந்தேகமாகத்தான் கேட்டாள்.

அந்தக் காலத்தில் வீட்டில் ஃபோன் என்பது கனவு. எங்கள் ஆட்களின் சொந்தபந்தம் எல்லோரிடமும் கம்பெனி நம்பர்தான் பி.பி. நம்பர் என்று இருக்கும். ஃபோன் அடித்து, இன்னாரைக் கூப்பிடுங்கள் என்பார்கள். லோகநாயகி ஹோல்ட் ஆன் ப்ளீஸ் சொல்லிவிட்டு, ஆளைக் கூட்டிவரச் சொல்லி அனுப்புவாள். அப்படி வெள்ளிக்கிழமைகளில் வருகிற ஒரு ஃபோன், பார்வதத்தின் மகன் கோவிந்தராஜுடையது.

பார்வதம் கேன்டீனில் பாத்திரம் தேய்ப்பவள். புருஷன் இல்லை. பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் வீடு. ஒரே மகன் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். "மேடம் வணக்கம், எங்க அம்மாவைக் கொஞ்சம் கூப்பிட முடியுங்களா" என்று அவன் லோகநாயகியிடம் அத்தனை பவ்யமாகக் கேட்பானாம். பார்வதம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, டெலிபோனே இல்லாமல் குவைத்துக்குக் கேட்கிற அளவுக்குக் கத்துவாள். வைத்துவிட்டு, "இன்னா வாயி, இன்னா வாயி, பெத்தவகைல பேசற பேச்சா இது" என்று சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்படி என்னதான் சொன்னான் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். லோகநாயகியோ காதை எடுத்துவிட்டிருப்பாள். ஆக, அவன் அம்மாவிடம் எப்படிப் பேசுவான் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

தொண்ணூறாம் வருஷம் ஆகஸ்ட் மாதம் குவைத்துக்குள் ஈராக் படை புகுந்தது. டெலிபோன் எல்லாம் அறுந்துபோயிற்று. பார்வதம் தினமும் காலையில் கேன்டீனுக்குப் போகும் முன் எங்கள் அறை வாசலில் வந்து நிற்பாள்.

"இன்னா கண்ணு, வந்திச்சா?"

"இன்னும் வரலைம்மா. ஹோல்ட் ஆன்."

மற்றவர்கள் எல்லோரும் அவளுக்கு இரக்கப்பட்டுப் பொய் சொன்னார்கள். கஜபதி, பேப்பரில் அவன் பெயர் வந்திருப்பதாகச் சொன்னான். தேவராஜ், டெல்லியில் மந்திரியிடம் பேசியாகிவிட்டது என்றார். பரந்தாமன்கூட, இந்திய ஆட்கள் எல்லோரும் பத்திரம் என்று தந்தி வந்திருப்பதாகச் சொன்னார். பார்வதம் கஜபதி சொன்ன பேப்பரை எடுத்துக்கொண்டு போய் வெளியே யாரிடமாவது படிக்கச் சொல்வாள். அதில் சிமென்ட் விளம்பரம் இருக்கும். ஒவ்வொரு பொய்யாக உடைய உடைய, யார் எது சொன்னாலும் அவள் முகம் மூடிக்கொண்டது.

அப்புறம், முதல் விமானங்களில் திரும்பிவந்த நசரத்பேட்டைக்காரன் ஒருவன், கோவிந்தராஜ் குடியிருந்த கட்டடம் தரைமட்டம் என்று சொல்லிவிட்டான். அவன் கண்ணால் பார்த்தானா, காதால் கேட்டானா என்று யாரும் விசாரிக்கவில்லை. பார்வதம் வேலைக்கு வருவதை நிறுத்தினாள். சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள் என்று கஜபதி வந்து சொன்னான். கொழுந்தன் முனியன் வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பையனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்று நாள் குறித்துவிட்டான் என்றும் சொன்னான். நாளைக்குத்தான் அது.

அன்றைக்குச் சாப்பாட்டு மணி அடிக்கப் போகிற நேரம். மூடி டொக்கென்று விழுந்தது. லோகநாயகி பின்னைச் செருகி, "வணக்கம்" என்றாள். அடுத்த நொடி அவள் கை தானாகவே என் மேசை விளிம்பைப் பிடித்தது.

"கோவிந்தராஜா? ஹோல்ட் ஆன், ஹோல்ட் ஆன்!"

என் விரல் டைப்ரைட்டரில் அப்படியே நின்றுவிட்டது. அம்மா வேலைக்கு வருவதில்லை என்பதும், பருத்திப்பட்டிலிருந்து ஆளைக் கூட்டிவர ஒரு மணி நேரமாவது ஆகும் என்பதும் அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு வேகமாகப் பேசினாள்.

"அம்மா இங்க இல்லை. நீங்க இறந்துட்டீங்கன்னு ஒரு நசரத்பேட்டைக்காரர் சொல்லிட்டார். அம்மா யாரையும் நம்ப மாட்டாங்க. நீங்க மேடம்னு என்னைக் கூப்பிடாதீங்க. நான்தான் உங்க அம்மான்னு நெனச்சுக்கிட்டு, அவங்ககிட்ட எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க. நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்."

பிறகு அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். போர்டில் மற்ற மூடிகள் டொக் டொக்கென்று விழுந்தன, அவள் திரும்பவே இல்லை. நடுநடுவே, "எங்கடா கீற?" என்றாள். "சாப்டியாடா?" என்றாள். பூனைக்கு மரியாதை கொடுக்கிறவள், பார்வதத்தின் குரலில், பார்வதத்தின் இழுப்போடு, டா போட்டுப் பேசினாள். திடீரென்று, "அலோ? அலோ?" என்றாள். அவ்வளவுதான். லைன் போய்விட்டது.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். எழுந்தாள். "உயிரோட இருக்கானா? என்ன சொன்னான்?" என்று பறந்தேன். உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள். முகத்தைப் பார்த்ததும் அவன் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. மறந்துவிடுவாளோ என்று பயந்து, "சொல்லு, நான் ஷார்ட்ஹேண்டில் எடுத்துக்கிறேன்" என்று பேனாவை எடுத்தேன். தலையை ஆட்டினாள். வேண்டாம். பிறகொரு நாள் இதற்குக் காரணம் கேட்டபோது, "நீங்க எழுதினா அது உங்க பேச்சாயிடும்" என்றாள்.

பரந்தாமன் உள்ளே வந்தார். "என்ன எல்லா லைனும் செத்துப்போச்சு? ஏன் நிக்கிற?"

அவருக்கும் உள்ளங்கை.

"போர்டை விட்டுட்டு வெளியே போனா அப்படியே போயிட வேண்டியதுதான், சொல்லிட்டேன்!" என்று கத்தினார். அவள் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, அவள் பையையும் என் பையையும் அள்ளிக்கொண்டேன். "சார், கொஞ்சம் ஹோல்ட் ஆன்" என்று சொல்லிவிட்டு நானும் ஓடினேன்.

ஆவடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். அவள் உதடுகள் சத்தமில்லாமல் லேசாக அசைந்துகொண்டிருந்தன. கண் எதிர் சீட்டின் கம்பியில். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் அந்த ஃபோனை அப்படியே சுமந்துகொண்டு போகிறாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை வேறு பேசினாலும் அதில் கொஞ்சம் சிந்திவிடும் என்று பயப்படுகிறாள். கண்டக்டர் கேட்டதற்கு நான் டிக்கெட் வாங்கினேன். திருமுல்லைவாயலில் க்வார்ட்டர்ஸ் ராஜம்மா ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, "என்னடி லோகா, அப்பாவுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தாள். லோகநாயகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று நான் புளுகினேன். பின் சீட்டில் ஒருத்தன் டிரான்சிஸ்டரைத் திருகினான். பாட்டு வந்ததும் இவள் இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டாள். நான் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் அவன் அணைத்துவிட்டான்.

ஆவடியில் இறங்கி, பூந்தமல்லி பஸ் மாறி, பருத்திப்பட்டு வரைக்கும் நானும் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் விழித்திருந்துகொண்டே அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பிரமிப்பாக இருந்தது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து ஊறுகாய் பகிர்ந்து சாப்பிட்ட பெண்தான். ஆனால் அந்த பஸ்ஸில் அவளைத் தொடவே எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பார்வதத்தின் வீட்டில் பெண்கள் கூட்டம். யாரும் அழவில்லை, ஆனால் அழுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். முனியன் வாசலில் நின்று, நாளைக்குப் பந்தலுக்கு யார், சமையலுக்கு யார் என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தான். உள்ளே பார்வதம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் ஒரு தட்டில் கஞ்சியை வைத்துக்கொண்டு, அது ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. "பார்வதம்மா, கோவிந்தராஜ் ஃபோன் பண்ணான்! உயிரோட இருக்கான்!" என்று கத்தியேவிட்டேன்.

ஒருவரும் அசையவில்லை. பார்வதம் திரும்பாமலே சொன்னாள்: "எல்லாரும் இத்தயேதான் சொல்றீங்கோ. உனக்குப் புண்ணியமா போவும், வுட்டுடு டைப்பு பாப்பா."

நாங்கள் எல்லோரும் சேர்ந்து நல்ல மனசோடு சொன்ன பொய்கள், நிஜம் வந்தபோது அது உள்ளே நுழைய இடமில்லாமல் பண்ணியிருந்தன. நாளைக்குள் இவளை நம்பவைக்காவிட்டால், மகன் உயிரோடு இருக்கும்போதே அவனுக்குக் கருமாதி நடந்துவிடும். அதற்குப் பிறகு அவள் எழுந்திருப்பாளா?

லோகநாயகி அவள் முதுகுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போர்டில் சொல்கிற அதே குரலில், "அம்மா, உங்களுக்கு ஃபோன் வந்திருக்கு. பேசுங்க" என்றாள். பிறகு கண்ணை மூடி ஒரு மூச்சு எடுத்தாள்.

"அலோ... இன்னா கெய்வி, நா பூட்டேன்னு ஒப்பாரி வெச்சினு கீறியா?"

வேம்புலியம்மாள் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அது ஆண்குரல் இல்லை, லோகநாயகியின் குரல்தான். ஆனால் அந்த ஏற்றமும் இறக்கமும், கெய்வியில் விழுந்த அழுத்தமும் அவளுடையது இல்லை.

"எந்த பேமானி சொன்னான்? அந்த நசரத்பேட்ட சோமாறியா? துண்டக் காணோம் துணியக் காணோம்னு மொத பிளேன்ல ஓடியாந்தவன், அவனுக்கு இன்னா தெரியும்? நாந்தான் அந்த ரூமை வுட்டு எப்பவோ மாறிட்டேனே. சொன்னேனே ஒங்கைல, மூட்டப்பூச்சி தாங்கலன்னு. மறந்துட்டியா?"

பார்வதத்தின் முதுகு அசைந்தது. மெதுவாகத் திரும்பினாள். லோகநாயகியின் முகத்தைப் பார்க்கவில்லை; வாயைப் பார்த்தாள்.

"எங்கடா கீற?" என்றாள்.

"ஜோர்டான்னு ஒரு ஊரு மா. பாலைவனத்தாண்ட கூடாரம் போட்டுக் குட்த்துகிறாங்கோ. நம்ம ஆளுங்க எக்கச்சக்கமா கீறாங்கோ. பேர எய்தினு போயிகிறாங்கோ, பிளேன் வந்தா ஏத்தி வுட்ருவாங்கோ. இங்க ஒரு கடக்காரன் ஃபோன் குட்த்தான், நல்லவன். பின்னால இம்மாங்கூட்டம் நிக்குது."

"சாப்டியாடா?"

"ரொட்டி, தக்காளி. ஒன் கொயம்புக்கு இது எவ்ளவோ தேவல."

பார்வதத்தின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்தாள். "ஒடம்புக்கு இன்னாடா?"

லோகநாயகி இருமினாள். இருமி முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஒண்ணியும் இல்ல. காலு மட்டும் வீங்கிக்கீது. எல்லையாண்ட நடந்தே வந்தோம் இல்ல" என்றாள். அந்த இருமலும் அவனுடையதுதான்.

"பத்து எதுனா போட்டியா?"

லோகநாயகி கண்ணைத் திறந்தாள். தன் சொந்தக் குரலில், "அதை நான் கேக்கலைம்மா" என்றாள்.

போட்டேன் மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். பார்வதம் அவளை அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். "செரி கண்ணு. மேல குடு" என்றாள். லைனை மறுபடி கொடு என்கிறாள்.

லோகநாயகி மறுபடி மூச்சு எடுத்தாள். "இன்னொன்னு கேட்டுக்கோ. அந்த முனியன் சித்தப்பன் இதான் சாக்குன்னு ஊட்ல வந்து நாட்டாம பண்ணினு இருப்பான். அவங்கைல சொல்லு..."

அடுத்து வந்ததை நான் இங்கே எழுத மாட்டேன். வாசலில் முனியன் நின்றுகொண்டிருக்க, தெருப் பெண்கள் அத்தனை பேர் முன்னால், பரந்தாமனிடம் "ஒரு கெட்ட வார்த்தை" என்று சொல்கிற அதே லோகநாயகி, ஒரு எழுத்து விடாமல், நிறுத்தி நிதானமாக, முழுசாகச் சொன்னாள். ஒன்று இல்லை, தொடர்ச்சியாக. அவள் காது மடல் ரத்தமாகச் சிவந்துபோயிருந்தது. ஆனாலும் விடவில்லை.

பார்வதம் படாரென்று தரையில் கையால் அடித்தாள். "எம்புள்ளடீ! அவந்தான்! இந்த நாறவாயி ஒலகத்துல வேற எவனுக்குக் கீது! வேம்புலி, எம்புள்ள உசுரோட கீறான்டீ!"

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். முனியன் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

லோகநாயகி கையைத் தூக்கினாள். இன்னும் இருக்கிறது. எல்லோரும் அடங்கினார்கள்.

"யம்மா... அழுவாத. நா வர்சொல்ல ஒனக்கு இன்னா—"

நிறுத்திவிட்டாள். காத்திருந்தோம். "இங்க லைன் கட் ஆயிடுச்சும்மா" என்றாள்.

வரும்போது உனக்கு என்ன... அதன் மிச்சம் என்னவென்று அங்கே இருந்த எல்லோரும் ஊகித்திருப்போம். லோகநாயகியும் ஊகித்திருப்பாள். சேர்க்கவில்லை. பார்வதமும் கேட்கவில்லை. அவிழ்ந்த தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே, "அவன் திரும்பக் கூப்டா, நா ஓல்டான்ல கீறேன்னு சொல்லு கண்ணு" என்றாள். பிறகு கஞ்சித் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்த பிறகுதான் லோகநாயகி என் பக்கம் திரும்பினாள். "ஜெகதா, தண்ணி" என்றாள். பாதி குடித்துவிட்டு என் காதில், "அந்த வார்த்தையெல்லாம் முழுசா சொல்லிட்டேனா?" என்று கேட்டாள். "ஒண்ணு விடாம" என்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் வேலை போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனோம். முந்தின நாள் மதியம் முழுக்கப் பரந்தாமனே போர்டில் உட்கார்ந்து, தப்புத் தப்பாகப் பின் செருகி, முதலாளியைக் கேன்டீனோடு சேர்த்துவைத்து, ஹோல்ட் ஆன் ப்ளீஸ் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிருந்தார். விஷயம் அதற்குள் கஜபதி மூலமாக அவருக்கும் வந்துவிட்டது. எங்களைப் பார்த்ததும், "போங்க, போய் உட்காருங்க" என்று கரகரத்தார். அவள் அன்றைக்கு எந்தப் பெருமையும் இல்லாமல் பின்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் டைப் அடிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் இப்படிப் பார்க்கிறீங்க என்றாள். ஒன்றும் இல்லை என்றேன்.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் ஒருநாள், வாசலில் பார்வதம் வந்து நின்றாள். பக்கத்தில் ஒரு ஒல்லிப் பையன், லேசாக நொண்டிக்கொண்டு, கையில் எதுவும் இல்லாமல். போட்டிருந்த சட்டைகூட யாரோ முகாமில் கொடுத்ததாம், இரண்டு ஆள் நுழையலாம். லோகநாயகியைப் பார்த்ததும், "வணக்கம் மேடம்" என்றான் அதே பவ்யத்தோடு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மிச்சத்த சொல்லுடா" என்றாள் பார்வதம்.

"இன்னா மிச்சம்? நாந்தான் வந்துட்டேனே."

"எங்கைல இல்லடா. அவகைல சொல்லு. அவ சொன்னாத்தான் அந்த ஃபோன் முடியும்."

அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, குனிந்து, லோகநாயகியிடம் ஏதோ மெல்லச் சொன்னான். அவள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று பார்வதத்திடம், விட்ட இடத்திலிருந்து, அதே ஏற்ற இறக்கத்தில் சொன்னாள்:

"நா வர்சொல்ல ஒனக்கு இன்னா வாங்கியாரட்டும் கெய்வி?"

கோவிந்தராஜ் தன் வெறும் கைகளைப் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்தான். பார்வதம் அந்தக் கைகளில் ஒன்றை, மணிக்கட்டோடு சேர்த்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து உரமேறிய பிடி.

"இத்தான்" என்றாள்.

லோகநாயகி என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைக் காட்டினாள். ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போர்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் புரிந்துகொண்டு டைப்ரைட்டரின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு மூடி டொக்கென்று விழுந்தது. அவள் உடனே பின்னைச் செருகவில்லை. யாரோ ஒருவர் அன்றைக்கு வெளி லைனில் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.